அலமாரிக்குப் பின்னால் இருந்த வெள்ளை

தான் அடித்த வெள்ளையை அக்கா வேண்டாமென்று சொன்னதைப் பெயிண்டர் சொட்டு பதினோரு வருஷமாக மறக்கவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் விழுங்கியிருப்பான். அக்கா கட்டி முடித்த வீட்டைப் பார்க்க அவனுடைய மாமனார் வீட்டு ஆட்கள் நாலு பேர் வந்து நின்ற நேரம் அது. படுக்கையறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "இது வேண்டாம்டா. இந்த ரூம்ல என்னால படுக்க முடியாது" என்றாள். மாமனார் மேலே எதையோ தேடுவதுபோல் அண்ணாந்து பார்த்தார். மச்சினன் சிரிப்பை மறைக்க இருமினான். சொட்டு வாளியையும் ரோலரையும் எடுத்துக்கொண்டு, நனைந்த பிரஷ்ஷைக் கழுவாமல்கூட, படியிறங்கிப் போய்விட்டான்.

அவனுக்குச் சொட்டு என்று பேர் வந்ததே வெள்ளையால்தான். வெள்ளை வாளி திறந்ததும் அதில் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டுக் கலக்குவான். சுவர் பளிச்சென்று கண்ணைப் பறிக்கும். பெயிண்ட் கடை வாசலில் வேலைக்குக் காத்து நிற்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும். அந்த அளவு மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. அக்கா வீடுதான் அவன் முதன்முதலாகத் தனியாக எடுத்துச் செய்த முழு வீடு. அதில் போய் இப்படி.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு வழியாகப் போனபோது அக்கா வீட்டு வாசலில் மீசையின் இரும்பு ஏணி சாத்தியிருந்தது. மீசை என்பவன் அதே கடை வாசலில் நிற்கிற இன்னொரு பெயிண்டர், இவனுக்கு நேர் போட்டி. அவ்வளவுதான், சொட்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கூடப் பிறந்தவன் அடித்ததை அழித்துவிட்டு மீசையை வைத்து அடிக்கிறாள். மீசை ஒருநாள் டீக்கடையில், "நான் ஏணி மட்டும்தான்யா குடுத்தேன்" என்றான். சொட்டு நம்பவில்லை. அதன் பிறகு மீசையோடும் பேச்சில்லை.

அக்காவின் மகள் கல்யாணத்துக்கு மண்டபம் வரை வந்தான், சாப்பிட்டான், வீட்டுக்கு வராமல் திரும்பிப் போனான். அவன் மனைவி மட்டும் போவாள், வருவாள். "ஒரு தடவை வந்துட்டுத்தான் போங்களேன்" என்று அவளும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். குள்ளம், வேகமான நடை, முழங்கை வரை ஊறி வெளுத்துப்போன கைகள். அவளிடம் ஒரு படுக்கை விரிப்பைக் கொடுத்தால் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். இது பிரசவ வார்டு, இது எலும்பு முறிவு, இதை நேற்று வேலைக்கு வந்தவள் சரியாக அலசவில்லை என்று சொல்லிவிடுவாள். வெள்ளை என்பது ஒன்றே ஒன்று என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவளுக்கு அது பத்து இருபது தினுசு. விருந்துக்குப் போனால் மேஜைவிரிப்பைத் தடவிப் பார்த்து முகம் சுளிப்பாள். மகள் படித்த பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரிடம் போய், "சார், உங்க சட்டைல சோப்பு போகவே இல்ல, கழுத்துல அரிக்குமே" என்று கேட்டுவிட்டு வந்தாள். அவர் ஆமாம் என்று ஒத்துக்கொண்டாராம். அதை அவள் சொல்லிச் சிரிக்காத ஆள் தெருவில் இல்லை.

வீடு பாதி எழும்பி நிற்கும்போதே அவள் புருஷன் போய்விட்டார். அதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார், மூன்று வாரம். மீதி வீட்டை அவள் ஒண்டியாக நின்று கட்டினாள். வெள்ளையடிக்கிற வேலை தம்பிக்கு என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள்.

போன மாதம் ஒரு காலையில் அக்கா மகள் சொட்டுக்குப் போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. "மாமா, அம்மாவ ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். இனிமே அங்க வச்சுச் செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்க. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

எத்தனை நாள் என்று அவன் கேட்டான். டாக்டர் மூன்று நாலு வாரம் என்றிருக்கிறார்.

பிடிவாதம் எல்லாம் எங்கே போயிற்றோ, அரை மணி நேரத்தில் அந்த வாசலில் நின்றான். அக்காவைக் கூடத்தில் கட்டிலில் போட்டிருந்தார்கள். பாதியாக இளைத்திருந்தாள். கை மட்டும் அதே வெளுத்த கை. அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வா. வழி மறந்திருக்கும்னு நினைச்சேன்" என்றாள். அவன் என்ன சொல்வது என்று தெரியாமல், கட்டிலை ஏன் கூடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று அக்காவின் மருமகனைப் பார்த்து எரிந்து விழுந்தான்.

விஷயம் அதுதான். படுக்கையறைச் சுவரில் குளியலறை ஈரம் ஏறிப் பொரிந்து கிடந்தது. அவள் தன் அறையில் கிடந்துதான் போக வேண்டும் என்கிறாள், ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அல்ல. "ரூமுக்கு வெள்ளையடிச்சுக் குடு. இந்தத் தடவை நான் சொல்ற வெள்ளை" என்றாள்.

சொட்டுக்கு உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. "ஏன், மீசையக் கூப்பிட வேண்டியதுதானே?"

அக்கா படுக்கையறைப் பக்கம் கையை நீட்டினாள். "போய் அந்த அலமாரிய நகத்திப் பாரு" என்றாள்.

மருமகனும் அவனுமாக மூச்சைப் பிடித்து இரும்பு அலமாரியைத் தள்ளினார்கள். அதற்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு, சொட்டு அடித்த வெள்ளை அப்படியே இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு தூசி படவில்லை, அந்த நீலப் பளபளப்போடு. அதைச் சுற்றி இன்னொரு வெள்ளை. அதைக் கிட்டே போய்ப் பார்த்தான். ரோலர் ஓட்டம் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் திட்டுத் திட்டாக இருந்தது. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கோடு பாம்புபோல் நெளிந்தது. அலமாரி ஓரமாகச் சொட்டிய பெயிண்ட் சொட்டிய இடத்திலேயே காய்ந்திருந்தது. மீசை குடித்துவிட்டு ஒற்றைக் கையால் அடித்தால்கூட இப்படி அடிக்க மாட்டான்.

கூடத்துக்கு வந்து, யார் அடித்தது என்று கேட்டான்.

"நான்தான். மூணு ஞாயித்துக்கிழமை. மீசைகிட்ட ஏணி மட்டும்தான் வாங்கினேன். அலமாரிய நகத்த ஆள் இல்ல, அதான் சுத்தி அடிச்சேன்."

அவன் கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தான். ஒன்றில் இந்தத் தெரு வழியாகவே போயிருக்கிறான். ஏணியைப் பார்த்திருக்கிறான். உள்ளே வந்திருந்தால் அலமாரியை நகர்த்த ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

பிறகு அக்காவே சொன்னாள், மூச்சு வாங்க, விட்டு விட்டு. சலவைக்கூடத்தில் கடைசி அலசலுக்கு நீலம் போடுவார்கள், விரிப்பு பளிச்சென்று தெரிய. புருஷன் போன அன்றைக்கு நீலம் போட்டவள் அவள்தான், கை தவறிக் கொஞ்சம் கூடிப்போயிற்று. மேலே வார்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தபோது அவரை அதே விரிப்பில் கிடத்தியிருந்தார்கள். மூலையில் அவள் போட்ட ஒட்டுத் தையலே அடையாளம். அந்த வெள்ளையில் அவர் முகம் இன்னும் கறுத்துத் தெரிந்தது.

"நீ அடிச்சுக் கதவத் தொறந்து காட்டுன பாரு. அதே வெள்ளைடா. நாலு பக்கமும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லக்கா."

"உன் மாமனார் முன்னாடியா? நீ கேட்டிருந்தா அப்புறமாச் சொல்லியிருப்பேன். நீதான் வாளியத் தூக்கிட்டுப் போயிட்டியே."



வேலையை அன்றைக்கே தொடங்கினான். ஈரச் சுவரைச் சுரண்டி, ஒழுகிய குழாயை அடைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பட்டி காய்வதற்குள் வெள்ளையை முடிவு செய்ய வேண்டும். மற்ற வீடுகளில் என்றால் கடையில் கலர் அட்டையைக் காட்டி, இதா அதா என்று கேட்டு முடித்துவிடுவான். இங்கே அட்டைப்பெட்டியைக் கிழித்து நாலு துண்டு எடுத்து, நாலு விதமாகக் கலந்து பூசினான். நீலப் புட்டியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அக்காவை நாற்காலியில் வைத்து அறைக்குள் தூக்கி வந்து, ஒவ்வொரு துண்டாகச் சுவரில் பிடித்துக் காட்டினான். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, விளக்குப் போட்டதும் ஒரு தடவை.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல், வடக்குப் பக்கம். நேர் வெயில் வராது. எதிர்வீட்டுச் சுவர் வேறு பச்சை. மத்தியானமானால் அந்தப் பச்சை இங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் கலந்த முதல் துண்டு காலையில் நன்றாயிருந்தது, சாயங்காலம் பார்த்துவிட்டு அக்கா, "பல்லு விளக்காதவன் சிரிச்ச மாதிரி இருக்கு" என்றாள். காவி கலந்தது மத்தியானப் பச்சையில் பாசி பிடித்ததுபோல் ஆயிற்று. மூன்றாவதில் துளி சிவப்பு விட்டான். பச்சை அடங்கியது, ஆனால் டியூப் லைட்டில் மருந்துக் களிம்புபோல் தெரிந்தது. முப்பது வருஷம் பெயிண்ட் அடித்தவன், வெள்ளை இத்தனை குணம் மாறும் என்று அந்த இரண்டு நாளில்தான் உட்கார்ந்து பார்த்தான். நான்காவது துண்டு மஞ்சளை முக்கால்வாசி குறைத்து, சிவப்பைக் குச்சி முனையில் தொட்டு வைத்தது. டியூப் லைட்டைக் கழற்றி மஞ்சள் பல்பு மாட்டிவிட்டுக் காட்டினான்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "நீலம் போடாம, வெயில்ல காஞ்ச பருத்தி" என்றாள். அதுதான் முடிவு.

வாளி வாங்கப் போன கடையில் மீசை நின்றான். சொட்டு தரையைப் பார்த்துக்கொண்டே, ஏணி கொடுத்ததற்கு நன்றி என்றான். "அந்த ஏணி துருப்பிடிச்சு எடைக்குப் போட்டாச்சுய்யா, இப்ப வந்து சொல்ற" என்றான் மீசை. யாருக்கு, என்ன நிலைமை என்று கேட்டான். மறுநாள் காலையில் கூப்பிடாமலே தன் ரோலரோடு வந்து நின்றான். கூரையை அவன் பார்த்துக்கொண்டான், சுவரை இவன். அலமாரி இருந்த இடத்தை விட்டுவிடவா என்று சொட்டு அக்காவிடம் கேட்டான். "எதுக்கு? அடிச்சுத் தள்ளு" என்றாள். தன் வெள்ளையைத் தானே மூடினான். முதல் பூச்சில் நீலம் மேலே தெரிந்துகொண்டே இருந்தது. அந்த இடத்துக்கு மட்டும் மூன்று பூச்சு பிடித்தது.

வாடை போக இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அக்காவை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். கட்டிலுக்குப் பூப்போட்ட விரிப்புதான் வேண்டும் என்றாள். அந்த அறையில் ஒன்பது நாள் இருந்தாள். சொட்டு வேறு வேலைக்குப் போகவில்லை. காலையில் வருவான், நாற்காலியில் உட்காருவான். ஏழாம் நாள் அவளுக்குப் பார்வை மங்கிவிட்டது. "இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்பாள். அவன் சுவரைப் பார்த்துச் சொல்வான்: ஜன்னல் ஓரம் கொஞ்சம் பச்சை ஏறியிருக்கு, கதவுப் பக்கம் பால் மாதிரி, இப்ப மணி மூணு இருக்கும். அவள் தலையாட்டுவாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மகள் தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே போனாள். அவளுக்கு ஏழாம் மாதம், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அந்தக் காலடி ஓசை ஓயும் வரை அக்கா காது கொடுத்துக் கேட்டாள். பிறகு அவன் கையைத் தேடிப் பிடித்து, கடைசியாக ஒன்று கேட்டாள்.

"நான் போனப்புறம் இந்த ரூம் அவளுக்கும் பிள்ளைக்கும்தான். இந்த வெள்ளை அவளுக்கு ஆகாது, இதுலதான நான் கிடந்தேன். உன்னத்தான் கூப்பிடுவா. நீயே வந்து அடிச்சுக் குடு. நீ அடிச்சதயும் அவ வேணாம்னு சொன்னா வாளியத் தூக்கிட்டுக் கிளம்பிடாத. அங்கயே நின்னு, ஏம்மான்னு ஒரு வார்த்தை கேளு."