முட்டை பொரிக்கும் சிப்பு

பிள்ளைகளா, நேற்று சாப்பிடும்போது, கைப்பேசியில் எந்த பிரவுசர் நல்லது என்று நீங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தீர்கள். நான் திட்டாமல் எழுந்து போனது உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அதற்குக் காரணம் இதுதான். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பொறுத்துப் படியுங்கள்.

நான் இரண்டாம் படிவம் படித்த காலம், பதினான்கு வயது. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு எதிரே, மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் ஒரு சைபர் கஃபே இருந்தது. பள்ளி விட்டால் நாங்கள் அங்கேதான். விளையாடியதைவிட வாக்குவாதம் செய்ததுதான் அதிகம். அப்போதைய பிரவுசர்களில் எது நல்லது, நெட்ஸ்கேப்பா எக்ஸ்ப்ளோரரா என்று ஆரம்பிப்போம். "உன் நெட்ஸ்கேப்புல மூலையில நட்சத்திரம் விழுற படத்த பார்த்துட்டே இருக்கலாம், பக்கம்தான் வராது" என்பான் ஒருவன். அது அன்றைக்கே ஆறிவிடும் சண்டை.

கணினிக்குள் இருக்கும் பிராசசர் சிப்பைப் பற்றிய சண்டை ஆறாது. பினாங்கில் அது வீட்டு மானம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பெந்தியம் சிப்பு செய்வார்கள், இன்னொன்றில் அத்லான். நம் வீட்டு ஆள் எந்த கேட்டுக்குள் வேலைக்குப் போகிறாரோ, அந்தச் சிப்புதான் உலகத்திலேயே உசத்தி. என் அம்மா பெந்தியம் பக்கம். தொழிற்சாலையின் குடும்ப விழாவில் கொடுத்த பெந்தியம் ஸ்டிக்கரை என் தண்ணீர்ப் போத்தலில் ஒட்டி வைத்திருந்தேன். பக்கத்து பிளாட்டுப் பையனின் அக்கா அத்லான் பக்கம். கடைக்கார அண்ணன் புதிதாக ஓர் அத்லான் கணினி வாங்கி மூலையில் வைத்தபோது, அதைத் தொடவே மாட்டேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் நல்ல மழை. வீட்டுக்குப் போக முடியாமல் எல்லாரும் மாட்டிக்கொண்டோம். வாக்குவாதம் சூடு பிடித்தது.

"அத்லான்தான் டா வேகம். பெந்தியம் பேருக்கு மட்டும் பெரிசு" என்றான் பக்கத்து பிளாட்டுப் பையன்.

"வேகமா? அது அடுப்பு லா! முட்டை பொரிக்கலாம், ரொட்டி சானாய்கூட போடலாம். அத செய்யிறவங்களுக்கு வேலையே தெரியாது டா!" என்றேன் நான்.

எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். கடைக்கார அண்ணன்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மயங்கி, ரொட்டி சானாய்க்கு மாவை வீசிக் கல்லில் போடுவது போல நடித்துக் காட்டினேன். திரும்பினால், படிக்கட்டு வாசலில் அம்மா. கையில் குடை.

மழை என்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என்னைத் தேடி வந்திருக்கிறார். கொஞ்ச நாளாகத் தொழிற்சாலை உடுப்பைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டுதான் வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு நனையாமல் இருக்க அதையே மேலே போட்டிருந்தார். எனக்குத் தெரிந்த, பெந்தியம் தொழிற்சாலையின் நீலக் கோட்டு இல்லை அது. இளஞ்சிவப்பு.

"டேய், இது எங்க அக்கா போடுற கோட்டுடா!" என்றான் பக்கத்து பிளாட்டுப் பையன்.

"ஆமா தம்பி, இப்பதான் அங்க மாறுனேன். அக்கா எந்த லைன்?" என்று அம்மா சாதாரணமாகக் கேட்டார்.

அவன் பதில் சொல்லும்முன் பையன்கள் ஓவென்று கத்தினார்கள். "அப்ப ஒங்க வீட்டுல தினமும் முட்டைதான்!" எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அம்மா கட்சி மாறிவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. குடைக்குள் வராமல் மழையிலேயே முன்னால் நடந்தேன்.

சாலையைத் தாண்டும்போது அம்மா பின்னாலிருந்து கேட்டார். கிண்டலே இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"அந்தச் சிப்பு அவ்வளவு சூடாகுமாப்பா? நாங்க பார்க்கிறப்ப சில்லுனுதான் இருக்கு."

நான் இன்னும் வேகமாக நடந்தேன்.

அப்பா லாரி ஓட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போய்விடும் இரவுகளில், நான் வீட்டில் தனியாக, விளக்கை அணைக்காமல் தூங்குவேன். அம்மாவுக்கு அப்போதெல்லாம் இரவு ஷிப்ட். கொஞ்ச நாளாக அவர் இரவில் வீட்டில் இருந்தார், நானும் விளக்கை அணைத்துத் தூங்கினேன். ஏன் என்று யோசிக்கவே இல்லை. பழைய இடத்தில் சேர்த்த சர்வீஸையெல்லாம் விட்டுவிட்டு, பகல் வேலை கிடைக்கிறது என்று புது ஆளாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார். போத்தலில் அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு திரியும் மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் கோட்டைச் சுருட்டி வைத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் புரிய, நானே வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும், மற்றவர்கள் வருவதற்கு முன்பே மாடி ஏறினேன். கடைக்கார அண்ணன் கீழே பட்டறையில் பேசிக்கொண்டிருந்தார். மூலையில் அந்த அத்லான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.