மைக்கின் மேல் போட்ட பழி

இப்போது அந்தப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் குரல் பேசுகிறது. எங்கோ ஓர் அறையில் பதிவு செய்து அனுப்பிய குரல். குறை சொல்ல ஒன்றுமில்லை. உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். ஆனால் வண்டி புறப்படுகிறது என்று அது சொன்னால் யாரும் அசைவதில்லை. முன்பு மைக் பிடித்து வண்டிகளைக் கூப்பிட்ட மைக்காரர் காலத்தில் அப்படியில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் தொடங்கினாலே டீ குடித்துக்கொண்டிருப்பவர் பாதி டம்ளரை வைத்துவிட்டு மூட்டையைத் தூக்குவார். அப்படிக் கணீரென்று ஒரு குரல் இனி எங்கே பிறக்கப்போகிறது!

நிலையத்துக்குப் பின் தெருவில்தான் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் அவருடைய மனைவிக்கு நாள் முழுக்கப் புருஷன் குரல் கேட்டுக்கொண்டேயிருக்கும். வடக்கே போகிற வண்டியை அவர் கூப்பிட்டதும் அடுப்பைப் பற்றவைப்பாள். அவர் குரலில் எரிச்சல் தெரிந்தால் மேலாளரோடு ஏதோ தகராறு என்று புரிந்துகொள்வாள். ஊருக்கே சொந்தமான குரலில் தனக்கு மட்டும் தெரிகிற நெளிவுசுளிவுகள் உண்டு என்பதில் அவளுக்கு ஒரு கர்வம்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் மனுஷன் வாயைத் திறக்கமாட்டார். குரல் என்பது தொட்டித் தண்ணீர் மாதிரி, திறந்துவிட்டால் தீர்ந்துபோகும் என்பது அவர் கட்சி. தண்ணீர் வேண்டுமென்றால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். போதுமென்றால் உள்ளங்கையைக் காட்டுவார். கல்யாணமான புதிதில் ஊமையைக் கட்டிக்கொண்டோமோ என்று அவள் மலைத்துப் போனாள். பிறகு பழகிவிட்டது. மகள் ஏதாவது கேட்டு நச்சரித்தால், "அப்பா தொண்டைக்கு ஓய்வு குடும்மா" என்று அவளே குழந்தையை இழுத்துக்கொண்டு போவாள்.

ஒரு மழைக்காலம் தொடங்கும் சமயம் அந்தக் குரலில் கரகரப்பு விழுந்தது. நிலையத்தில் எல்லோரும் சேர்ந்து பழியை மைக்கின் தலையில் கட்டினார்கள். ஈரம் இறங்கிவிட்டது என்றார் மேலாளர். ரேடியோ மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் மைக்கைக் கழற்றித் துடைத்தார், ஒயரை மாற்றினார், கூரை மேலிருந்த குழாய் ஸ்பீக்கரை இறக்கிப் புதிதாக ஒன்று ஏற்றினார். புதிதும் கரகரத்தது. "இப்பல்லாம் வர்ற சாமானே தரமில்ல" என்று ஒரே போடாகப் போட்டார். மைக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். நம்பினாரா, நம்ப ஆசைப்பட்டாரா என்று கேட்டால் எனக்கென்னவோ இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

மழை விட்டு வெயிலும் வந்தாயிற்று. தண்ணீர் குடிக்கும்போது அவருக்குப் புரையேறியது. வலது காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் இரைச்சலில் காது கெட்டுப்போயிருக்கும் என்று மனைவி சொட்டு மருந்து விட்டாள். ஓட்டுநர்களோடு நின்று பிடிக்கும் சிகரெட்டை மட்டும் அவர் குறைக்கவில்லை. குரல் மாறியதை அவளும் ஜன்னல் வழியே தினமும் கேட்டாள். பாழாய்ப்போன மைக்கை என்றுதான் மாற்றுவார்களோ என்று அவளும் திட்டினாள்.

ஒரு நாள் சாப்பாட்டுக் கூடையோடு அவள் நிலையத்துக்குள் நுழைந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. உள்ளே மெக்கானிக் மறுபடியும் பெட்டியைத் திறந்து வைத்து, கையில் திருப்புளியோடு நின்றிருந்தார். வண்டி புறப்படவேண்டிய நேரம். மைக்காரர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து, பெஞ்சின் மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டார்.

அதே கரகரப்பு. காற்றுதான் வந்தது, பாதி வார்த்தைகள் வரவேயில்லை.

மெக்கானிக் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அண்ணே," என்றார் மெதுவாக, "கரண்டே இல்லையேண்ணே."

அவள் ஓடிவந்தாள். கூடையை அங்கேயே வைத்துவிட்டு, பெஞ்சிலிருந்து அவரைக் கைபிடித்து இறக்கினாள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்தே மைக்கு சரியில்லீங்க டாக்டர்" என்றார் அவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார், சதை எடுத்துச் சோதிக்கச் சொன்னார். முடிவு வந்த அன்று இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "குரல் கம்மி மூணு வாரத்துக்கு மேல சரியாகலைன்னா ஒரு தடவை காட்டியிருக்கணும். அந்தக் காது வலியும் காதோடது இல்ல, தொண்டையோடது. அப்பவே வந்திருந்தா குரலைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். புத்துநோய் முத்திடுச்சு, இப்ப குரல்வளையை எடுத்தாகணும். உயிருக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரில் மற்ற ஆம்பிளைகள் மாதிரி வீட்டில் நாலு வார்த்தை பேசியிருந்தால் முதல் வாரமே தன் காதுக்குத் தெரிந்திருக்காதா! மைக்கும் குழாயும் நடுவில் இல்லாமல் அந்தக் குரலைக் கேட்க உரிமையுள்ளவள் ஒருத்திதானே இருந்தாள்.

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மைக்காரர் இன்றைக்கும் கழுத்துத் துளையை மெல்லிய துணியால் மூடிக்கொண்டு காலையில் நடக்கப் போகிறார். அவர் உதட்டசைவை அவள் படித்துவிடுவாள். ஆனால் அவள் நினைத்து நினைத்துப் பார்ப்பது அறுவைக்கு முந்தின நாள் மத்தியானத்தைத்தான்.

வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கரகரத்த குரலிலேயே அவர் பேச ஆரம்பித்தார். நிறுத்தவேயில்லை. மேலாளரை வண்டி வண்டியாகத் திட்டினார். மகள் நடக்கப் பழகின கதையைச் சொன்னார். அவளுக்கே மறந்துபோன கதை. "உன் சமையல்ல எப்பவும் உப்பு ஒரு கை கம்மி, தெரியுமா?" என்றார்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"அதுக்குப் போய்த் தொண்டையைச் செலவு பண்ணுவாங்களா?" பிறகு குரலை இன்னும் தணித்துக்கொண்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு நாள் நீ உங்கப்பாவோட நிலையத்துல உக்காந்திருந்தே. வண்டி தாமதம்னு சொன்னேன் பாரு, அது பொய். வண்டி ரெடியாத்தான் நின்னுது. இன்னும் கொஞ்சம் உன்னைப் பாக்கணும்னு தோணிச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் அவரைப் பார்த்து முகம் சுளித்தாள். "என்னம்மா இது, இவ்வளவு பேசறாரு? தொண்டைக்கு ஓய்வு வேணாமா? பேசாம இருக்கச் சொல்லுங்க."

"பேசட்டும்மா" என்றாள் அவள். "இன்னிக்குத்தான் எனக்காகப் பேசறாரு."

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, இருமி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.