மூடிய கிணறும் இரண்டு இன்ஜினியர்களும்

செல்லூரில் ஏழு தறிக்கூடம், கோச்சடையில் பதினொரு வீடு, டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், இப்போது நான் குடியிருக்கும் மாடி வீடு. எல்லாம் நான் கட்டியது. எங்கள் அப்பாவுக்குச் சொந்தமென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சாந்துச் சட்டி தூக்கி, கொத்தனாராகி, காண்ட்ராக்டர் ஆனேன். படித்த இன்ஜினியர்களே வந்து, “அண்ணே, இந்தச் சுவர் தாங்குமா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவனிடம் என் மகள் வந்து, கோச்சடையில் ஒரு பழைய வீடு விலைக்கு வருவதாகவும், முன்பணம் கொடுப்பதற்குள் இன்ஜினியரை வைத்துச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

“அப்ப நான் எதுக்கு இருக்கேன்?”

“நீங்களும் பாருங்கப்பா. ஆனா எழுத்துல ரிப்போர்ட் வேணும்ல?”

மகளும் மருமகனும் பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்து சேர்த்தது மொத்தமும் அந்த ஒரு வீட்டுக்குள் போகப்போகிறது. தப்பினால் மறுபடி சேர்க்க வயசு இருக்காது. நான் போனேன். சுவரைத் தட்டினேன், நிலைக்கதவை ஆட்டினேன். “கல்லு மாதிரி இருக்கு” என்று தீர்ப்பும் சொன்னேன். அவள் அசையவில்லை.

புரோக்கர் குறுக்கே வந்தார். “அண்ணே, நம்மாளு ஒருத்தரு இருக்காரு. காலையில வந்தார்னா மத்தியானமே ரிப்போர்ட்டு.”

வீடு முடிந்தால்தான் புரோக்கருக்குக் கமிஷன். அவர் கூட்டிவரும் ஆள் எந்த வீட்டை வேண்டாம் என்பார்? மகளிடம் சொன்னேன்: “ஆள நான் பாத்துத் தாரேன். அதையாவது எங்கிட்ட விடு.”

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வீட்டுப் பின்னறை இருக்கும் இடத்தில் முன்பு ஒரு கிணறு இருந்தது. உடைந்த செங்கல் இடிசலைப் போட்டு மூடி, மண் இறுகக் காத்திருக்காமல் மேலே அறையை எழுப்பிவிட்டேன். ஒரு மூலை மெல்ல இறங்கியது. சரிவு தெரியாமலிருக்கத் தரைக்கு டைல்ஸ் ஒட்டினேன். சுவரில் ஓடிய கீறலைப் பூசி, அதை மறைத்து பீரோவை நிறுத்தினேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அதையே பரீட்சையாக வைத்தேன். வருகிறவரிடம், “இந்த வீட்ட விக்கப்போறேன், குறை இருந்தாச் சொல்லுங்க” என்பது, அவ்வளவுதான்.

முதலில் புரோக்கரின் ஆளையே கூப்பிட்டுப் பார்த்தேன். டீ குடித்தார், அறை அறையாக எட்டிப் பார்த்தார். “நீங்க கட்டுனதுல நான் என்னண்ணே குறை சொல்ல?” என்றார். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. வழியனுப்பிவிட்டேன்.

அடுத்து ஒரு பெண் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். ஒரு சைட்டில் போட்ட கான்கிரீட்டை உடைத்து மறுபடி போட வைத்தார் என்று மேஸ்திரிகள் அவரைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் கூப்பிட்டேன். வந்தவர் முதலில் ஏணி கேட்டார். மாடி, தொட்டி எல்லாம் பார்த்துவிட்டுப் பின்னறைக்கு வந்தார். வெறுங்காலோடு இரண்டு தடவை நடந்தார். ரசமட்டத்தைத் தரையில் வைத்துச் சரிவு பார்த்தார்.

“ஐயா, இந்த பீரோவ நகத்தலாமா?”

“துணி அடைஞ்சு கெடக்கும்மா. கனம்.”

“பரவால்ல, நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.”

நகர்த்தினோம். கீறல் பூச்சையும் மீறி வெளியே வந்திருந்தது. “இதுக்கு அடியில கெணறு ஏதும் இருந்துச்சாய்யா?”

நான் வாய் திறப்பதற்குள் வாசலில் நின்ற என் மனைவி, “இம்புட்டு வருசமா கெணத்து மேலயா என்னயப் படுக்க வச்சிருந்தீக?” என்றாள்.

மானம் போனது. ஆனால் ஆள் கிடைத்துவிட்டது.

கோச்சடை வீட்டிலும் அவர் ஏணி போட்டு ஏறி, மாடி அறையின் கூரையைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். ஓர் இடத்தில் மட்டும் உள்ளே பொந்து இருப்பதுபோல் பொத்தென்று சத்தம் கேட்டது. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு கையகலம் பூச்சைப் பெயர்த்தார். உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தது. மேலே தொட்டி பல வருஷமாகக் கசிந்திருக்கிறது.

நான் கல் மாதிரி இருக்கிறது என்ற வீடு அது. என் முழங்கால் இப்போது ஏணி ஏறாது. கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டு, எட்டாததற்கும் சேர்த்து மகளிடம் உறுதி சொல்லியிருக்கிறேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பீரோவை நிறுத்தி மறைக்கத் தெரிந்த எனக்கு, அடுத்தவனும் பூசி மறைத்திருப்பான் என்று ஏன் தோன்றவில்லை? நான் கட்டிய சுவரை எனக்குத் தெரியும். அடுத்தவன் கட்டியதைப் பார்க்கச் சந்தேகப்படும் கண் வேண்டும். எனக்குப் பெருமை பேசியே அந்தக் கண் மங்கிவிட்டதோ என்னவோ.

அந்த வீடு வேண்டாமென்று விட்டோம். பிறகு இரண்டு தெரு தள்ளி வேறொரு வீடு, அதே பெண் இன்ஜினியர் சோதித்து, சரி என்று எழுதிக் கொடுத்த பிறகே வாங்கினார்கள். பால் காய்ச்சிய அன்று மகள் அவருக்குச் சால்வை போர்த்தி, “இவங்க இல்லேன்னா மாட்டியிருப்போம்” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

தட்டியது மனசார. ஆனாலும் மகளே, அந்தக் கூட்டத்தில் நீ சொல்லாமல் விட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். அவரைக் கண்டுபிடித்தது உன் அப்பன். அதற்காக நாற்பது வருஷப் பேரைப் பின்னறைத் தரையில் பணயம் வைத்தேன். இனி யார் கேட்டாலும் வீடு வாங்கிய கதையை என்னிலிருந்து ஆரம்பித்துச் சொல். கிணற்றையும் விட்டுவிடாதே.