ஆளில்லாத காணி

ஸ்காபரோ நூலகத்தில் நடந்த குடியுரிமை வகுப்புக்கு வருகிற அந்த மெலிந்த, நரைமீசை மனிதர் கோட்டைக் கழற்றவே மாட்டார். வலக்கை எப்போதும் கோட்டின் உள்பையிலேயே இருக்கும். இருதய வருத்தமாக்கும் என்று நினைத்திருந்தேன்.

அன்று ஆசிரியை, கனடாவின் ரயில்பாதைக் கதையைப் பெருமை பொங்கச் சொன்னார். ரயில் கம்பனி காசில்லாமல் தள்ளாடியதாம். விற்றுப் பிழைக்கட்டும் என்று அரசாங்கம் காணிகளை அள்ளிக் கொடுத்ததாம். மேற்கில் சண்டை மூண்டபோது அந்த ரயில்தான் படையை ஏற்றிப்போனதாம். "அவ்வளவும் ஆளில்லாத நிலம்" என்று முடித்தார். பக்கத்தில் இருந்த அந்த மனிதருக்கு வழமைபோல எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன்.

மனிதர் எழும்பினார். உள்பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய காணி உறுதிப்பத்திரம் வெளியே வந்தது.

"ஆளில்லாத காணியெண்டால் படை ஆரோடை சண்டை பிடிக்கப் போனது? ஊரிலை, பலாலியிலை, என்ர வளவுக்குள்ள ஆமி முகாம் போட்டிருக்கு. அதையும் ஆளில்லாத காணி எண்டுதான் எழுதி வைப்பாங்கள். இவவிட்டை இங்கிலீசிலை கேளும் தம்பி!"

எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வந்தது. குடியுரிமை கிடைக்கிற நேரத்தில் என்ன கேள்வி இது?

"ரயில்பாதை எந்த ஆண்டு முடிந்தது என்று கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆசிரியை மகிழ்ந்துபோய் ஆண்டைப் பலகையில் எழுதினார்.

அவருக்கு அந்தளவு ஆங்கிலம் விளங்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நான் உதையே கேட்டனான்?" என்றார். உறுதியை மறுபடி சுற்றிக்கொண்டு போனவர் பிறகு வகுப்புக்கு வரவேயில்லை.

சோதனையில் அந்த ஆண்டைத்தான் கேட்டார்கள். சரியாக எழுதிச் சித்தியடைந்தேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது, ஆசிரியை மேலும் அல்ல, அவர் மேலும் அல்ல.