இருக்கைக்கு அடியில் மணல்

எனக்குப் பறக்கும் பைத்தியம் முற்றியிருந்த காலம் அது. கொடைக்கானல் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த அறிவியல் சார், தன் கையாலேயே ஒரு கிளைடர் கட்டியிருந்தார். எஞ்சின் இல்லாத, ஒற்றை ஆள் விமானம். அவர் இறந்த பிறகு அது பேத்துப்பாறையில் அவர் வீட்டுக் கொட்டகையில் இறக்கை கழற்றிக் கிடந்தது. அதை விலைக்குக் கேட்டுப் போனேன்.

அவர் மனைவி தையல் டீச்சர். "ஆஸ்பத்திரிக்குப் போனப்பவே சீக்கு முத்திப்போச்சுன்னுட்டாங்க தம்பி. அதுவரைக்கும் அவருக்கே தெரியாது. தெரிஞ்சா எங்கிட்ட சொல்லாம இருப்பாரா?" என்றார். அந்த ஒரு ஆறுதலில்தான் அவர் நடமாடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் கட்டியது என்பதால் அதற்குச் 'சோதனை விமானம்' என்றுதான் அனுமதி. விற்பனைக் கடிதத்தோடு விதிகளும் கைமாற வேண்டும். "வாசிச்சுக் காட்டுங்க, தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் டீச்சர். வாசித்தேன். ஊருக்கு மேலே பறக்கக் கூடாது. அடிவாரத்து மைதானத்தைத் தவிர வேறெங்கிருந்தும் கிளம்பக் கூடாது. காகிதமெல்லாம் விமானத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அடேயப்பா, கல்யாணத்துக்குக்கூட இத்தனை நிபந்தனை கிடையாது!

அடுத்த விதி: ஓட்டுபவரின் எடை குறித்த அளவுக்குக் கீழே போனால், குறைகிற அளவுக்கு இருக்கைக்கு அடியில் மணல் மூட்டை கட்ட வேண்டும்.

"அதான் அடியில மூணு மூட்டை கெடக்கா? என்னைய மாதிரி நோஞ்சானுக்குன்னே தச்ச மாதிரியில்ல இருக்கு!" என்று சிரித்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. சார் நல்ல பருத்த ஆள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவரு கேட்டுத்தான் தச்சேன். மொதல்ல சின்னதா ஒண்ணு. அப்புறம் ஒண்ணு, அதவிடப் பெருசா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. எதுக்குங்கன்னேன். வண்டிக்கு வேணும்னாரு." குனிந்து ஒரு மூட்டையின் தையலைத் தடவிப் பார்த்தார். "குளிருது குளிருதுன்னு ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டரா போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி."

பாழாய்ப்போன வாய்! இனி விற்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவரோ பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"வெரசா எடுத்துட்டுப் போயிருங்க. மூட்டையையும் சேத்து."

எனக்கு அந்த மூன்று மூட்டையும் தேவைப்பட்டது. மேலே எஞ்சின் சத்தம் கிடையாது, காற்று மட்டும்தான். பழனி மலைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இருக்கைக்கு அடியில் மணல் மெல்லச் சரியும். அவர் உடம்பிலிருந்து போனதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. எனக்குப் பயம்தான். "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல சார்" என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.