பக்கத்துக் கட்டிலின் அலை

எனக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரே நோய். வயிற்றுப்போக்கு வந்து நின்ற சில நாளில் இருவருக்கும் கால்கள் விழுந்துவிட்டன. கிருமியைத் தாக்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் நரம்பைத் தாக்கிவிட்டது என்றார் டாக்டர். நான் கள்ளக்குறிச்சியில் செய்தியாளர். சங்கராபுரம், கச்சிராயபாளையம் என்று பைக்கில் சுற்றினால்தான் பிழைப்பு. அவர் கல்வராயன் மலையில் சாமை விதைக்கிறவர். இருவருக்கும் ஒரே மருந்தைத்தான் ஏற்றினார்கள்.

அவருடைய கால் பெருவிரல் முதலில் அசைந்தது.

நான் அதைப் பார்த்ததை அவர் மனைவி பார்த்துவிட்டார். அதன்பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தக் கால்களின்மேல் ஒரு துண்டு வந்து விழுந்தது. நர்ஸ் அதை விலக்கிப் போடுவார். அவர் நகர்ந்ததும் துண்டு திரும்ப ஏறிவிடும்.

"இன்னாத்துக்கு மூடி மூடி வெக்கிற? கால ஆட்டிக்கினே இருக்கணும்னு சொன்னனா இல்லியா?"

"கண்ணு பட்டுடும் சிஸ்டர்."

"யாரு கண்ணு? இந்தாண்ட இருக்கறது அந்த சார் ஒருத்தர்தான்."

அந்தப் பெண் துண்டின் ஓரத்தை இழுத்துவிட்டார். என் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. தகவல் சரியா என்று பார்ப்பது என் தொழில். அந்தப் பெண்ணின் தகவல் சரி. காலையில் விழித்ததும் நான் முதலில் பார்த்தது அடுத்தவர் காலைத்தான்.

ஒருநாள் இருவரையும் நரம்புச் சோதனைக்குத் தள்ளிப்போனார்கள். பாதத்தில் வில்லைகளை ஒட்டி, முழங்காலுக்குப் பின்புறம் ஒரு கருவியை அழுத்திச் சுள்ளென்று அதிர்ச்சி கொடுப்பார்கள். நரம்பு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் திரையில் அலை எழும். அவருக்கு எழுந்தது. எனக்கு வலித்தது, அவ்வளவுதான்.

ஒயரில் கரண்டு ஓடுவதுபோல நரம்பில் ஓடாது என்று டாக்டர் விளக்கினார். நரம்பிழைக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். சும்மா இருக்கும்போது உட்புறம் சற்று மைனஸ். தூண்டிய இடத்தில் சிறு வாசல்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும். அந்த இடம் ஒரு கணம் பிளஸ் ஆகும். அந்த மாற்றம் அடுத்த இடத்து வாசலைத் திறக்கும். பின்னால் பொட்டாசியம் வெளியேறி, பழைய இடம் அடங்கும். வழி நெடுக மின்சாரம் புதிதாகப் பிறந்துகொண்டே போகிறது. இழைக்கு உறை உண்டு. உறையின் இடைவெளிகளில் மட்டும் பிறந்து அது தாவித் தாவி ஓடுவதால்தான் அத்தனை வேகம்.

அவருக்குக் கெட்டது உறை. அலை தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. எனக்குக் கெட்டது இழையே. நகம் வளர்வதுபோல மெல்ல வளர்ந்து வர வேண்டும். அவரிடம் "சரியாகிவிடும்" என்ற டாக்டர், என்னிடம் "பார்க்கலாம்" என்றார். விளக்கம் எனக்குக் கிடைத்தது, நல்ல இழை அவருக்குக் கிடைத்தது.

ஊருக்குக் கிளம்பும் அன்று அவர் வாக்கரைப் பிடித்தபடி என் கட்டில்வரை நடந்து வந்தார். எனக்கும் சீக்கிரம் நடை வந்துவிடும் என்றார், மலைக்கு வந்தால் வீட்டில் சாப்பிடச் சொன்னார். நல்ல மனிதர். அதுதான் தாங்கவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை அவர் முழங்கால் மடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி அவர் தோளைத் தொட்டுத் திருப்பி அழைத்துப் போனார்.

சில மாதம் கழித்து எனக்கு மறுபடி சோதனை. டெக்னீஷியன் பெண் திரையை என் பக்கம் திருப்பினார். கோட்டில் ஒரு சிறு மேடு.

"வந்துகினு இருக்கு சார்."

மலைக்காரர் வந்தாரா, அவருடைய அலை இப்போது எவ்வளவு என்று கேட்டேன்.

"அவரு எங்க வந்தாரு? விதைக்கப் போய்ட்டாராம். நீங்க உங்களுத பாருங்க."

கரண்டைக் கூட்டி வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஜாஸ்தி வெச்சாலும் இதேதான் சார். வேலை செய்யிற இழை எல்லாம் எழும்பிடுச்சி. ஒவ்வொண்ணும் எழும்பினா முழுசா எழும்பும், இல்லன்னா கம்முனு இருக்கும்."

நான் விடவில்லை. கூட்டி வைத்தார். வலி ஏறியது. மேடு அதே உயரத்தில் நின்றது.