நாலு சிவப்புக் கோடுகள்

என் மேசையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு போல்ட் கிடக்கிறது. சுண்டுவிரல் நீளம் இருக்கும். உடம்பெல்லாம் துரு. தலையின் ஓரங்கள் மழுங்கிவிட்டன. அந்தத் தலைக்குக் குறுக்கே நகப்பூச்சால் இழுத்த ஒரு சிவப்புக் கோடு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஆளுக்கொரு பதில் சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறேன். உண்மையான பதில் கொஞ்சம் நீளமானது.

என் கணவர் துறைமுகத்து வேலைத்தலத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுக் கொட்டிலில் நின்றது அவருடைய தகப்பன் வாங்கிய, ஸ்ரீ எழுத்துள்ள அந்தக் காலத்து இலக்கத் தகடு போட்ட பழைய இங்கிலாந்துக் கார். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகளைப் போலத் திரிகிற மான்கள் பகல் வெயிலுக்குக் கொட்டிலில் காரோடு ஒட்டி வந்து படுக்கும். அவற்றை எழுப்ப மனமில்லாமல் இவர் கடைக்கு நடந்தே போய்விட்டு வருவார். அந்தக் காரில் சாரதியின் இருக்கையை முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கிற வசதி கிடையாது. இரண்டு போல்ட்டுகளால் தரைத் தகட்டோடு பூட்டியிருக்கும். குள்ளமான ஆள் ஓட்டுவதென்றால் அவற்றைக் கழற்றி, இருக்கையை முன்னால் இருக்கிற வேறு இரண்டு துளைகளுக்கு நகர்த்திப் பூட்ட வேண்டும். அவர் ஆறடி. நான் அவருடைய தோளுக்கும் எட்டமாட்டேன்.

பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் கார் ஓட்டப் பழகிச் சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்தேன். எனக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. என் முதல் நியமனம் தோப்பூரில். அந்த நாட்களில் கிண்ணியாத் துறையில், அக்கரைக்கு ஏற்றிப்போகிற படகுப்பாதைக்காகக் காத்து நின்றே என் இளமையில் பாதி போனது. இப்போது பாலம் இருக்கிறது. அந்தப் பாலத்தால் நானே காரை ஓட்டிக்கொண்டு தோப்பூருக்குப் போகவேண்டும், அவர் பக்கத்து இருக்கையில் வாயைத் திறக்காமல் வரவேண்டும். சொன்னபோது சிரித்தார். "வாயைத் திறக்காமல் வாறது கொஞ்சம் கஷ்டம்" என்றார். அடுத்த நாளே இருக்கையை நகர்த்தக் குனிந்தார். வலப்பக்கத்துப் போல்ட் கழன்றது. இடப்பக்கத்துப் போல்ட், இத்தனை வருட உப்புக்காற்றில் இறுகி, அசையவே இல்லை.

முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஓட்டிப் பார்த்தேன். கிளச்சை முழுவதும் மிதிக்க முடியவில்லை. நீளக் குழாயைப் போட்டு நெம்பச் சொன்னேன். "அடிச்சு நெம்பினால் தலை முறிஞ்சு போயிடும். அது தானா இளகவேணும். கொஞ்சம் பொறும்" என்றார். பொறுத்தேன். ஒரு மாதம், இரண்டு மாதம். இருக்கை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாள் பொறுமை போய், "உங்களுக்குக் காரைத் தர மனமில்லை. அதுக்குப் போல்ட்டைச் சாட்டுறீங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. முடியாத வேலையைப் பற்றி வாய் திறக்காதது வேலைத்தலத்தில் பழகிய பழக்கம். முடிந்த பிறகும் இரண்டு சொல்லுக்கு மேல் வராது. நாற்பது வருடம் கூட வாழ்ந்தும் அந்த மௌனத்தை நான் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில், நான் கோயிலுக்குப் போய்வந்தால், அவருடைய கையில் மண்ணெண்ணெய் மணக்கும். அதற்கும் ஏசுவேன். அந்த நாட்களில்தான் என் சிவப்பு நகப்பூச்சுப் போத்தலும் காணாமல் போனது. ஒரு கல்யாணத்துக்காக வாங்கி, இரண்டே இரண்டு தரம் பூசியது. தங்கச்சியின் மகள்தான் எடுத்துக்கொண்டு போயிருப்பாள் என்று முடிவு கட்டினேன். அவள் சத்தியம் செய்தும் நம்பவில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. குனிந்து நிமிர்கிற வேலை எதுவும் கூடாது என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த அன்றே நான் கொட்டிலைப் பூட்டி, திறப்பைக் குசினி அலுமாரியில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பயம் பாதி. கோபமும் பாதி இருந்தது என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்று திறப்பைக் கேட்டார்.

"ஒரு பத்து நிமிசம்தான்."

"கார் எங்கே ஓடியா போகப்போகுது? சுகமான பிறகு பார்க்கலாம்."

தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார். மறுபடி கேட்கவில்லை. அன்றிலிருந்து ஏழாவது கிழமை அதே கதிரையில் அவருடைய மூச்சு நின்றது.

ஒரு வருடம் நான் கொட்டிலைத் திறக்கவில்லை. ஆண்டுத்திவசம் முடிந்த பிறகு, காரை விற்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல், கிண்ணியாவில் இருந்து, நாங்கள் நானா என்று அழைக்கிற, கார் திருத்துகிற முஸ்லிம் பெரியவரைக் கூப்பிட்டேன். அவரை எங்களுக்கு நெடுநாளாகத் தெரியும். முதலில் இருக்கையைக் கழற்றித் தரச் சொன்னேன். தலையை உடைத்தாவது எடுங்கள் என்றேன். அவர் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"டீச்சர், இதுல சேர் வேல செஞ்சிரிக்காரே." என் கணவரைத்தான் அவர் சேர் என்பார்.

நானும் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தேன். போல்ட்டின் தலையில் ஒரு சிவப்புக் கோடு. அதைச் சுற்றித் தரைத் தகட்டில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, மயிரிழை போல நாலு சிவப்புக் கோடுகள். என் நகப்பூச்சு. நானா விரலை வைத்துக் காட்டினார். "தொடக்கத்துல தலையில உள்ள கோடு இந்த முதலாம் கோட்டுக்கு நேரா நிண்டிரிக்கி. எண்ணெய ஊறவிட்டு, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் இளக்கி, அசஞ்ச இடத்துல புதுக்கோடு போட்டிரிக்கார். இப்ப பாருங்க, நாலாம் கோட்டுக்கு நேரா நிக்கிது. பொறுமையான வேல."

நானாவும் அதே வழியில்தான் செய்தார். மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டார், தேத்தண்ணி குடித்தார், திரும்பவும் வந்து குனிந்தார். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு தட்டு, பிறகு இளக்கும் பக்கம். ஒரு தடவை கிரீச்சென்று சத்தம் வந்தது. அதன்பிறகு போல்ட் விரலாலேயே சுழன்று வந்தது. நான் அவரிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"சேருக்கு இன்னும் எவ்வளவு வேலை மிச்சம் இருந்தது, நானா?"

அவர் போல்ட்டைத் துடைத்து என் கையில் வைத்தார். "இன்னும் ஒரு கோடு டீச்சர். கூடிப்போனா ரெண்டு."

அன்று கொட்டில் தரையில் இருந்தபடியே அழுதேன். நானா வெளியே போய் மான்களுக்கு வாழைப்பழத்தோல் போட்டுக்கொண்டு நின்றார். பிறகு வந்து இருக்கையை முன்னுக்கு நகர்த்தி, புதுப் போல்ட்டுகளால் பூட்டினார். பின்னால் வெறுமையாகிவிட்ட பழைய துளையை அடைத்துப் பெயின்ட் அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

காரை விற்கவில்லை. அடுத்த கிழமையே பாலத்தால் ஓட்டிக்கொண்டு தோப்பூருக்குப் போனேன். கால் கிளச்சில் நன்றாக எட்டியது. பக்கத்து இருக்கையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்து தங்கச்சியின் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அந்தப் போத்தலின் கதையே மறந்துபோயிருந்தது.

இப்போது நான் கொட்டிலைப் பூட்டுவதில்லை. கார் கழுவுகிற நாட்களில் அந்தத் துளையைச் சுற்றி மட்டும் துணி படாமல் பார்த்துக்கொள்வேன். நாலு கோடுகளும் அப்படியே இருக்கின்றன. எழுதிக் களைத்தால் மேசையில் கிடக்கிற இந்தப் போல்ட்டைக் கையில் எடுத்து, தலையில் உள்ள கோட்டை விரலால் தடவிப் பார்ப்பேன். பத்து நிமிடம்தான் கேட்டார். நான் கொடுக்கவில்லை.